வண்டி நின்ற இடத்தில் சேர்ந்தவர்கள்: எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் குழு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிறு விடிகாலையில் மதுரை தல்லாகுளம் பக்கம் ஒரு டீக்கடை முன்னால் புல்லட், எஸ்டி, ஆர்எக்ஸ் என்று பழைய மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நிற்கும். நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் நின்று பார்த்துவிட்டு, பெரும்பாலும் ஒரே மாதிரியான கேள்விகளைக் கேட்பார்கள். பதில் சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும். அதனால் எழுதி வைத்துவிட்டேன். நான் எஸ்டி ஓட்டுகிறவன். புல்லட் பற்றி எழுதும் இடங்களில் கொஞ்சம் பாரபட்சம் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

குழுவை எப்போது, யார் தொடங்கினார்கள்?

நாள் பார்த்து, தேங்காய் உடைத்துத் தொடங்கிய குழு இல்லை. ஒரு கிளட்ச் கேபிள் அறுந்ததில் தொடங்கியது.

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும் மலைப்பாதையில் டம்டம் பாறை என்று ஓர் இடம் உண்டு. செல்போன் வராத காலம் அது. அந்த இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு புல்லட் நின்றிருந்தது. ஓட்டி வந்தவர் மதுரையில் அரசு வேலையில் இருந்தவர். இன்று குழுவில் எல்லோருக்கும் அவர் பெரியண்ணன். பின்னால் எஸ்டியில் வந்தவர் ஜவுளிக்கடைக்காரர். இருவருக்கும் முன்பின் பழக்கமில்லை. ஜவுளிக்கடைக்காரர் வண்டியை நிறுத்தினார். நிறுத்தியதோடு விடாமல், "என்னண்ணே, கிளட்ச் கேபிளா? நம்ம வண்டிக்கு அது அறுந்தாலும் கவலை இல்லண்ணே" என்று வெறுப்பேற்றவும் செய்தார்.

அவர் சொன்னது உண்மைதான். எஸ்டியில் கியர் லீவரை மிதிக்கும்போதே கிளட்ச் தானாக விடுபடும். கேபிள் இல்லாமலே சமாளித்து வீடு வந்துவிடலாம். புல்லட்டுக்கு அந்தப் பாக்கியம் கிடையாது. இருவரும் சேர்ந்து புல்லட்டை இறக்கத்தில் திருப்பி, உருட்டிவிட்டு, ஓட்டத்திலேயே கியரில் போட்டு ஸ்டார்ட் செய்தார்கள். அப்புறம் இன்ஜின் சத்தத்தைக் காதால் அளந்து, ஆக்சிலரேட்டரைச் சரியான நொடியில் விட்டு கியரைத் தட்டி, வத்தலக்குண்டு வரை இறக்கிவிட்டார் பெரியண்ணன். எஸ்டி பின்னாலேயே வந்தது.

நிலக்கோட்டை தாண்டியதும் எஸ்டி நின்றுவிட்டது. ஸ்பார்க் பிளக்கில் கரி. முன்னால் போய்க்கொண்டிருந்த பெரியண்ணன் கண்ணாடியில் பார்த்தார். கிளட்ச் இல்லாத வண்டியை அவர் நிறுத்தினால் மறுபடியும் தள்ளித்தான் கிளப்ப வேண்டும். இருந்தாலும் நிறுத்தினார். பையிலிருந்த உப்புத்தாளை எடுத்து பிளக்கைத் தேய்த்துக் கொடுத்தார். அந்த நிறுத்தத்தைத்தான் நாங்கள் குழுவின் பிறந்த இடமாக வைத்திருக்கிறோம்.

மறுநாள் பார்த்தால் இரண்டு வண்டியும் செல்லூரில் ஒரே பட்டறைக்கு வந்து சேர்ந்தன. மெக்கானிக்கை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். பாய் இருவரையும் பார்த்துவிட்டு, "தனித்தனியா வந்து உசுர வாங்காதீங்க. ஞாயித்துக்கிழமை காலையில ஒண்ணா வந்துருங்க" என்றார். ஞாயிற்றுக்கிழமை முடிவானது அப்படித்தான்.

குழுவுக்கு ஏன் பெயர் இல்லை?

வைக்க முயன்றோம். வைகை, பாண்டியர், கூடல் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒருவர் மல்லிகை என்றார். "அந்தப் பேரை டேங்க்ல ஒட்டிக்கிட்டு எவன்டா புல்லட் ஓட்டுவான்" என்று கேள்வி வந்ததும் கூட்டம் கலைந்தது. அதன்பிறகு யாரும் பேச்செடுக்கவில்லை. டீக்கடைக்காரர் எங்களை ஞாயித்துக்கிழமை ஆளுக என்பார். அது போதும்.

இந்தப் பழைய வண்டிகள் மேல் என்ன இவ்வளவு பற்று?

தொடங்கியபோது இவை பழைய வண்டிகள் இல்லையே! சாலையில் கிடைத்ததை ஓட்டினோம். வண்டிக்கு வயதானது, நாங்களும் கூடவே நரைத்தோம்.

புல்லட்டின் கதை தமிழ்நாட்டுக்காரன் கொஞ்சம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள வேண்டிய கதை. ராயல் என்ஃபீல்டு இங்கிலாந்தின் ரெடிச் ஊர் நிறுவனம். அங்கே 1932இல் புல்லட் வந்தது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா உருவாகி, சென்னை திருவொற்றியூரில் வண்டியைப் பூட்டத் தொடங்கினார்கள். முதலில் பாகங்கள் கப்பலில் வந்தன, பிறகு எல்லாவற்றையும் இங்கேயே செய்தார்கள். 1970ஐ ஒட்டி அந்த இங்கிலாந்து நிறுவனம் மூடப்பட்டது. திருவொற்றியூர் தொழிற்சாலை மட்டும் அதே வண்டியைச் செய்துகொண்டே இருந்தது. 1977இல் இங்கிருந்து பிரிட்டனுக்கே ஏற்றுமதியும் செய்தார்கள். 1994இல் ஐஷர் நிறுவனத்தின் கைக்கு வந்த பிறகுதான் ராயல் என்ஃபீல்டு என்ற பழைய பெயர் இந்த நிறுவனத்துக்கு வந்தது. தாய் வீடு இடிந்த பிறகும் புகுந்த வீட்டில் விளக்கெரிந்த வண்டி என்று பெரியண்ணன் சொல்வார்.

346 சிசி, ஒற்றை சிலிண்டர். அந்தக் காலத்துப் புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். மற்ற வண்டியில் பழகியவன் அவசரத்தில் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதிப்பான். கிக்கரை உதைப்பதற்கு முன் ஆம்மீட்டர் முள்ளைப் பார்த்து, சிலிண்டரின் அழுத்தத்தை விடுவிக்கும் டீகம்ப்ரஷர் லீவரைப் பிடித்துப் பிஸ்டனைச் சரியான நிலைக்குக் கொண்டுவர வேண்டும். அவசரப்பட்டு உதைத்தால் கிக்கர் திருப்பி உதைக்கும். எங்களில் மூன்று பேர் கணுக்கால் கட்டோடு டீ குடித்ததுண்டு.

எஸ்டி மைசூர்ச் சரக்கு. ஐடியல் ஜாவா நிறுவனம் செக்கோஸ்லோவாகியாவின் ஜாவா வண்டியை 1961இலிருந்து அங்கே செய்தது. 1973இலிருந்து எஸ்டி என்ற பெயர். 250 சிசி, டூ ஸ்ட்ரோக், இரண்டு சைலன்சர். கிக்கர்தான் கியர் லீவரும். ஸ்டார்ட் செய்த பிறகு அதையே முன்னால் சாய்த்துக் கியருக்குப் பயன்படுத்தலாம். இரண்டு வேலைக்கு ஒரே லீவர் வைத்த அந்த மனிதரை நான் ஒருமுறையாவது கும்பிட வேண்டும். 1996இல் தொழிற்சாலை ஓய்ந்தது. ஜாவா பெயர் 2018இலும் எஸ்டி பெயர் 2022இலும் புது நிறுவனத்தின் வண்டிகளாகத் திரும்பி வந்தன. பார்க்க லட்சணமாக இருக்கின்றன. எங்கள் வாசனை இல்லை, அவ்வளவுதான்.

எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983இல் யமஹாவின் ஆர்டி 350ஐ ராஜ்தூத் 350 என்று கொண்டுவந்தது. பெட்ரோலை வண்டி குடித்ததா, தரை குடித்ததா என்று சந்தேகப்படும் அளவுக்குச் செலவு வைத்ததால் ஓடவில்லை. இன்று அதே வண்டிக்கு ஆளாளுக்கு அடித்துக்கொள்கிறார்கள். 1985இல் ஆர்எக்ஸ் 100 வந்தது. 98 சிசி, 11 குதிரைத்திறன், எடையோ நூறு கிலோ சொச்சம். அதன் சத்தத்தைக் கேட்டுக் கல்லூரி வாசலில் தலை திரும்பாத காலம் ஒன்று இருந்ததாக நான் நம்ப மாட்டேன். அதே 1985இல்தான் ஹீரோ ஹோண்டா சிடி 100ம் வந்தது. நிற்காமல் ஓடும், பெட்ரோல் கேட்காது, பட்டறைப் பக்கம் போகாது. நாடு முழுக்க அதை வாங்கியது. எங்கள் குழுவுக்கு மட்டும் ஒரு சிடி 100 கூட வரவில்லை. காரணம் பிறகு புரியும்.

டீசல் புல்லட் பற்றிக் கேட்பவர்களும் உண்டு. என்ஃபீல்டே 325 சிசி டீசல் வண்டி செய்து விற்றது. லிட்டருக்கு எழுபதுக்குக் குறையாமல் கொடுக்கும், வேகம் மட்டும் கேட்கக்கூடாது. எங்களிடம் ஒன்று இருந்தது. அது வந்தால் கிணற்று மோட்டாரை யாரோ ஓட்டிக்கொண்டு வருவது போலிருக்கும்.

மதுரைக்கும் இருசக்கர வண்டிக்கும் தனித் தொடர்பு ஏதாவது உண்டா?

நிறைய உண்டு, அது புல்லட் வழியாக வந்ததில்லை. டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1911இல் மதுரையில் தொடங்கிய தொழில்தான் டிவிஎஸ். பஸ் ஓட்டத் தொடங்கிய அந்தக் குடும்பத்தின் நிறுவனம் 1980இல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50ஐக் கொண்டுவந்தது. இரண்டு பேர் உட்காரக்கூடிய மொபெட். மதுரை மாவட்டத்தின் உண்மையான வண்டி எது என்று கேட்டால் புல்லட் கட்சியும் எஸ்டி கட்சியும் வாயை மூடிக்கொண்டு டிவிஎஸ் 50ஐக் கைகாட்டுவோம். விடிவதற்கு முன் மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குப் போகும் பாதையில் நின்று பாருங்கள். ஓட்டுகிறவர் தலை மட்டும் தெரியும், மற்றதெல்லாம் மல்லிகை மூட்டை. எங்களில் பாதிப்பேர் அப்பாவின் டிவிஎஸ் 50இல் அவருக்குத் தெரியாமல் பழகியவர்கள்தான்.

ஜல்லிக்கட்டில் பைக் பரிசு, புது வண்டியைப் பாண்டி கோவிலுக்குக் கொண்டுபோய் டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து எடுப்பது, இதெல்லாம் உங்களுக்கே தெரியும். சித்திரைத் திருவிழா வாரத்தில் மட்டும் நாங்கள் வண்டியை எடுப்பதில்லை. அழகர் வரும் சாலையில் நமக்கென்ன வேலை!

முதல் நீண்ட பயணம் எது?

தனுஷ்கோடி. மதுரையிலிருந்து ராமேசுவரம் ஏறக்குறைய 170 கிலோமீட்டர். பாம்பன் சாலைப் பாலம் 1988இல்தான் திறந்தது, அதற்கு முன் வண்டியோடு தீவுக்குள் போவது பெரிய காரியம். பாலத்தின் உச்சியில் காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது எடை குறைந்த ஆர்எக்ஸ் ஒரு முழம் தள்ளிப்போகும். புல்லட் அசையாது. அந்த ஒரு விஷயத்தில் தோல்வியை ஒப்புக்கொள்கிறேன்.

1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவில் புயல் அடித்துக்கொண்டு போன ஊர் தனுஷ்கோடி. நாங்கள் முதலில் போனபோது முகுந்தராயர் சத்திரத்தோடு தார்ச்சாலை முடிந்துவிடும். அப்புறம் மணல். மீன் ஏற்றும் வேன்களில்தான் மற்றவர்கள் போவார்கள். ஜவுளிக்கடைக்காரர், "எஸ்டிக்கு மணலாவது மண்ணாவது" என்று இறங்கினார். நூறு அடியில் பின்சக்கரம் அச்சு வரை புதைந்தது. வண்டியைப் படுக்கப் போட்டு, குழியில் மணலைத் தள்ளி, நிமிர்த்தி, ஐந்து பேர் தள்ளி வெளியே எடுத்தோம். அன்று அரிச்சல்முனையைப் பார்க்கவில்லை. 2017இல் அங்கே 9.5 கிலோமீட்டர் சாலை திறந்த பிறகு ஒருநாள் போய், இரண்டு பக்கமும் கடல் பார்த்துக்கொண்டே கால் மணி நேரத்தில் முனைக்கு வந்துவிட்டோம். இறங்கி நின்றதும் ஜவுளிக்கடைக்காரர், "இவ்வளவுதானா?" என்றார்.

மலைப்பாதையில் எது உங்களுக்குப் பிடித்தது? பழைய வண்டி தாங்குமா?

கொடைக்கானல் பழகிய பாதை, ஆனால் இப்போது கூட்டம் அதிகம். 2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸும் வேண்டும். போடிமெட்டு 17 கொண்டை ஊசி வளைவுகள், மேலே ஏறினால் ஏலக்காய் வாசனை. எனக்குப் பிடித்தது சின்னமனூரிலிருந்து ஏறும் மேகமலைதான். 18 வளைவுகளுக்கும் பூக்களின் பெயர். அது 2021 முதல் புலிகள் காப்பகம், இருட்டுவதற்குள் வனத்துறைச் சோதனைச் சாவடியைத் தாண்டி இறங்கிவிட வேண்டும்.

பழைய வண்டி ஏறுவதில் சிரமமில்லை, இறங்குவதில்தான் எல்லாச் சோதனையும். டிரம் பிரேக்கை விடாமல் பிடித்தால் சூடேறிப் பிடிப்பு போய்விடும். எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரில் இறங்கு என்பது பாய் சொல்லிக் கொடுத்தது. எஸ்டிக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. அதில் ஆயிலைப் பெட்ரோலோடு கலந்து ஊற்றுகிறோம். பெட்ரோல் போனால்தான் ஆயிலும் போகும். நீண்ட இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை முழுக்க மூடிக்கொண்டு இன்ஜினால் வேகத்தைக் கட்டுப்படுத்தினால், இன்ஜின் வேகமாகச் சுற்றும், உள்ளே எண்ணெய்ப்பசை இருக்காது. பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். அதனால் அவ்வப்போது கொஞ்சம் முறுக்கிவிட வேண்டும். இது தெரியாமல் போடிமெட்டில் ஒருமுறை பின்சக்கரம் பூட்டிக்கொண்டது போல நின்று, வளைவுச் சுவரோரம் போய்ச் சாய்ந்தவன் நான்தான். செல்லூருக்கு மினி லாரியில் வண்டியை ஏற்றி வந்து, சிலிண்டரைக் கடைந்து போர் போட்டு, பிஸ்டன் மாற்றி எடுத்தேன். பாய் ஒன்றும் சொல்லவில்லை. கீறல் விழுந்த பழைய பிஸ்டனை என் கையில் கொடுத்து வீட்டுக்கு எடுத்துப்போகச் சொன்னார். இன்னும் மேசையில் இருக்கிறது.

குழு இவ்வளவு காலத்தில் எப்படி மாறியிருக்கிறது?

வண்டி நிற்பது நின்றுபோனதுதான் பெரிய மாற்றம்.

முன்பு ஏழாம் எண் தேசிய நெடுஞ்சாலை இருவழிப்பாதை. இப்போது அதே சாலை 44ஆம் எண்ணில் நான்கு வழியாகக் கன்னியாகுமரி வரை ஓடுகிறது. நத்தம் சாலையில் ஏழு கிலோமீட்டருக்கு மேல் நீளும் மேம்பாலம் 2023இல் திறந்தது. சாலை வேகமாகிவிட்டது, வண்டியும் மாறியது. ராயல் என்ஃபீல்டே பழைய வார்ப்பிரும்பு இன்ஜினை விட்டுப் புது இன்ஜினுக்குப் போனது. கியர் இடது காலுக்கு வந்தது, பட்டன் ஸ்டார்ட் வந்தது, 2020இல் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதியோடு, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்பரேட்டரும் ஓரங்கட்டப்பட்டது. புதிதாகச் சேர்ந்த பையன்களிடம் நல்ல வண்டிகள் இருக்கின்றன. காலையில் கிளம்பி, கொடைக்கானல் போய், படம் எடுத்து, மதியச் சாப்பாட்டுக்கு வீடு வந்துவிடுகிறார்கள். வழியில் யாரும் யாருக்காகவும் நிற்க வேண்டியதில்லை.

அவர்களைக் குறை சொல்லவில்லை. நிற்காத வண்டிதான் நல்ல வண்டி, அது பெரியண்ணனுக்கும் தெரியும். ஆனால் இந்தக் குழுவில் யார் யாரோடு நெருக்கம் என்று யோசித்துப் பார்த்தால், எல்லாமே எங்கேயோ ஒரு சாலையோரத்தில், கையில் கரியோடு, மூன்று மணி நேரம் சேர்ந்து உட்கார்ந்ததில் வந்தது. பெரியண்ணன் வீட்டுக் கல்யாணத்தில் பந்தி விசாரித்தது ஜவுளிக்கடைக்காரர். அந்த உறவு ஒரு கிளட்ச் கேபிளின் விலை. சிடி 100காரர்கள் ஏன் எங்களோடு சேரவில்லை என்று இப்போது தெரிகிறதா? அவர்களுக்கு எங்கள் தேவையே இல்லை.

அதனால் ஒரு வழக்கம் கொண்டுவந்தோம். மாதத்தில் ஒரு ஞாயிறு எங்கும் போவதில்லை. யாராவது ஒருவர் வண்டியைப் பட்டறையில் பிரித்துப் போடுவோம். பையன்கள் கார்பரேட்டர் கழற்றிக் கழுவிப் பூட்டுவார்கள். ஒரு ஸ்குரூ மிஞ்சும். தேடுவோம். படம் எடுக்கும் பையன்களும் அன்றைக்குப் போனை மறந்துவிடுகிறார்கள்.

பெண்கள் இருக்கிறார்களா?

நான்கு பேர். முதலில் வந்தது பெரியண்ணன் மகள். வந்த அன்று ஒருவர், "பின்னால உக்காந்துக்கம்மா" என்றார். மகள் பதில் பேசாமல் அப்பாவின் வலது கியர் புல்லட்டை ஒரே உதையில் கிளப்பிக்கொண்டு அழகர்கோவில் சாலையில் போய்விட்டார். நாங்கள் கோவிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர் தோசைப் பிரசாதம் சாப்பிட்டு முடித்திருந்தார்.

சைலன்சரை மாற்றிச் சத்தம் போடுவீர்களா? ஹெல்மெட்?

மாற்றிய சைலன்சரோடு வருகிறவரைத் திருப்பி அனுப்பிவிடுவோம். அது சட்டப்படியும் தவறு. கோரிப்பாளையம் பெரியாஸ்பத்திரியைத் தாண்டித்தான் தினம் போகிறோம், உள்ளே நம்ம ஆள் ஒருவர் எப்போதும் படுத்திருப்பார்.

ஹெல்மெட் விஷயத்தில் எங்கள் பழைய வரலாறு அழகானதில்லை. தலையில் துண்டு கட்டிக்கொண்டு கன்னியாகுமரி போனவர்கள் நாங்கள். உயர் நீதிமன்ற உத்தரவால் 2015 ஜூலை 1 முதல் தமிழ்நாட்டில் கெடுபிடி வந்தபோது முணுமுணுத்தோம். அதற்கு அடுத்த மாதங்களில் மேலூர் சாலையில் நாய் குறுக்கே வந்து ஒருவர் விழுந்தார். ஹெல்மெட்டின் வலது பக்கம் தார்ச்சாலையில் தேய்ந்து பாதியாகியிருந்தது. அதைப் பட்டறையில் ஆணியடித்து மாட்டியிருக்கிறோம். பின்னால் உட்காருகிறவருக்கும் ஹெல்மெட் இல்லாமல் பயணம் கிடையாது.

பழைய வண்டி வாங்க ஆசை. என்ன பார்க்க வேண்டும்?

பெயின்டைப் பார்க்காதீர்கள், ஆர்சி புத்தகத்தைப் பாருங்கள். அதிலிருக்கும் சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் வண்டியில் அடித்திருப்பதோடு பொருந்த வேண்டும். பதினைந்து வருடம் முடிந்த வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பித்திருக்க வேண்டும். எங்கள் தம்பி ஒருவன் பளபளக்கும் ஆர்எக்ஸைப் பார்த்த மயக்கத்தில், பேப்பர் பிறகு வரும் என்ற பேச்சை நம்பிப் பணம் கொடுத்தான். பேப்பர் வரவேயில்லை. வண்டி இப்போது அவன் வீட்டு வராந்தாவில் அழகுப் பொருள்.

இன்னொன்று, இப்போது பெட்ரோலில் எத்தனால் கலப்பு கூடியிருக்கிறது. பழைய வண்டியின் ரப்பர்க் குழாய்களும் வாஷர்களும் அதற்குச் சீக்கிரம் இளகும். வாங்கிய உடனே மாற்றிவிடுங்கள்.

சேர என்ன செய்ய வேண்டும்?

கட்டணம், படிவம் எதுவும் இல்லை. ஞாயிறு ஐந்தரை மணிக்கு டீக்கடைக்கு வாருங்கள். எந்த வண்டியும் பரவாயில்லை. பையில் ஒரு பிளக், பிளக் ரெஞ்ச், கிளட்ச் கேபிள் ஒன்று இருக்கட்டும். உங்கள் வண்டிக்குத் தேவைப்படாது என்றாலும் இருக்கட்டும். மெதுவான வண்டி முன்னால் போகும், அதன் வேகம்தான் எல்லோருக்கும் வேகம். கடைசியில் பெரியண்ணன் வருவார். அவரைத் தாண்டி யாரும் பின்தங்க முடியாது.

பாய் இன்னும் வண்டி பார்க்கிறாரா?

கண் சரியில்லை, ஸ்பேனர் பிடிப்பதில்லை. பட்டறையை மகன் பார்க்கிறார். புது வண்டிக்கு வயரைச் செருகி, கோளாறைத் திரையில் படித்துச் சொல்லிவிடுகிறார். பாய் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். போன வாரம் நான் பட்டறைக்குப் போனபோது எதிர்ச்சாரியில் ஒரு புல்லட் போனது. பேசிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார்.

"டேப்பெட் சத்தமே இல்ல. யாரோ ரொம்ப இறுக்கி வச்சிருக்கான். வால்வு கருகிரும். ஓடிப்போயி அந்தத் தம்பிய நிறுத்துப்பா."

எஸ்டியைக் கிளப்பிக்கொண்டு போய், சிக்னலில் மடக்கிக் கூட்டி வந்தேன். இருபத்தைந்து வயது இருக்கும், தாத்தாவின் வண்டியாம். இந்த ஞாயிறு அவரும் டீக்கடைக்கு வந்திருந்தார்.